கேட்டது ஒன்று, வந்தது முப்பது: வேண்டாத சார்புப் பொதிகளை என்ன செய்வது?

அரூரில் கணினிப் பயிற்சி மையம் நடத்தும் ஒருவருக்குச் சந்தேகம்: டெபியன் லினக்ஸில் பிஎச்பி என்ற வலைநிரல் மொழியை மட்டும்தானே நிறுவச் சொன்னோம், அப்பாச்சி என்ற வலைச் சேவையகம் எதற்குக் கூடவே வந்து உட்கார்ந்தது? தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து இன்னொருவர் கேட்கிறார். பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் லினக்ஸ் வைத்திருக்கிறார். டாங்கிள்தான் அவருக்கு இணையம். கடிதம் தட்ட லிப்ரேஆபீஸின் ரைட்டர் ஒன்று போதும் என்றால், ஆபீஸ் முழுவதும் இறங்கத் தயாராக நிற்கிறது. கிருஷ்ணகிரியில் ஜெராக்ஸ் கடையும் இ-சேவை வேலையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு வேறு கவலை: எதையாவது வெட்டப் போய்ப் பிரிண்டர் நின்றுவிட்டால் அன்றைய வருமானம் போய்விடும்.

லினக்ஸில் மென்பொருள் பொதிகளாக (பேக்கேஜ்) வருகிறது; ஒரு பொதி தனக்குத் தேவை என்று கூடவே அழைத்து வருபவைதான் சார்புப் பொதிகள். மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. டெபியன், உபுண்டு, மின்ட் ஆகிய மூன்று லினக்ஸ் வினியோகங்களிலும் உள்ள வழிகளை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்; இவற்றில் பொதிகளை நிறுவி நீக்கும் கருவி ஆப்ட். மற்றவை பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில், எந்த வகைச் சார்பு?

ஒரு பொதி இன்னொன்றை மூன்று விதமாகக் கேட்கலாம். "டிபெண்ட்ஸ்" என்றால் அது இல்லாமல் நிறுவவே முடியாது. "ரெக்கமெண்ட்ஸ்" என்றால், வழக்கமாகப் பயன்படுத்துகிற எவருக்கும் அது தேவைப்படும் என்று பொதியைக் கட்டியவர் கருதுகிறார். "சஜஸ்ட்ஸ்" வெறும் யோசனை, தானாக வராது. 2009 பிப்ரவரியில் வெளியான டெபியன் 5 'லென்னி' முதல் ரெக்கமெண்ட்ஸும் இயல்பாகவே நிறுவப்படுகிறது. திரையில் நீளும் பட்டியலில் நம்மை எரிச்சலூட்டுவதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை. இதை வெட்டுவது எளிது. முதல் வகையை வெட்டுவது வேறு கதை.

எது எந்த வகை என்று அறிய "ஆப்ட்-கேஷ் டிபெண்ட்ஸ்" என்ற கட்டளையோடு பொதியின் பெயரைக் கொடுத்தால் போதும். ஏற்கெனவே நிறுவப்பட்டுவிட்ட ஒன்று யாரால் வந்தது என்று பார்க்க "ஆப்டிட்யூட் ஒய்" இருக்கிறது. அழைத்து வந்தவரின் சங்கிலியை வரிசையாகக் காட்டும். கேள்வி கேட்பவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்து, நேரே "எப்படி நீக்குவது" என்பதற்கு வந்துவிடுகிறார்கள்.

எதை வைத்து எடை போடுவது

வட்டில் பிடிக்கும் இடத்தைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். என் கணக்கில் அதற்குக் கடைசி இடம். நூறு, இருநூறு எம்பிக்காக ஒரு மாலைப் பொழுதைச் செலவழிப்பது லாபமில்லை. டாங்கிளில் டேட்டா எண்ணிச் செலவழிப்பவருக்கு மட்டும் இதில் விதிவிலக்கு உண்டு.

வந்த பொதி வட்டில் சும்மா கிடக்கிறதா, பின்னணியில் ஓடுகிறதா என்பது அதைவிட முக்கியம். எழுத்துருவோ ஆவணக் கோப்போ யாருக்கும் தீங்கு செய்யாது. கணினி கிளம்பியதும் தானும் கிளம்பி வெளியிலிருந்து தொடர்புகொள்ள ஒரு போர்ட்டைத் திறந்து வைத்துக்கொள்ளும் சேவை அப்படியல்ல. 2024 மார்ச் 29 அன்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் அம்பலப்படுத்திய, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளுக்குள் ஒளித்து வைக்கப்பட்ட பின்கதவை நினைத்துப் பாருங்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் தானாக எக்ஸ்இசட்டின் நூலகத்தைக் கேட்பதில்லை. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியுடன் பேசுவதற்காகச் சில வினியோகங்கள் சேர்த்த ஒட்டு (பேட்ச்) ஒரு நூலகத்தை இழுத்தது. அந்த நூலகம் எக்ஸ்இசட்டை இழுத்தது. 5.6.0, 5.6.1 என்ற இரண்டு வெளியீடுகளில் விஷம் அந்த வழியாகத்தான் ஏறியது. டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: அது கட்டாயச் சார்பு; கீழே சொல்லப்போகும் எந்த வெட்டும் அதைத் தடுத்திருக்காது. நம் கையில் இருப்பது சேவைகளைக் குறைப்பது மட்டும்தான்.

செய்த மாற்றம் அடுத்த மேம்படுத்தலைத் தாங்குமா என்பது மூன்றாவது. நான்காவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்: உடைந்தால் யார் சரிசெய்வது? உங்கள் மேசையில் இருக்கும் கணினி என்றால் எதை வேண்டுமானாலும் சோதிக்கலாம். அஞ்செட்டியில் ஒரு பள்ளியில் வைத்துவிட்டு வந்த கணினி என்றால், இணைய இணைப்பே அறுந்துபோன பிறகு தொலைவிலிருந்து எதுவும் செய்ய முடியாது. பஸ் ஏறத்தான் வேண்டும்.

| வழி | பழையபடி மாற்ற | மேம்படுத்தலில் | ஏற்ற இடம் |
|---|---|---|---|
| அப்படியே விடுவது | தேவையில்லை | சிக்கலில்லை | பிறர் பயன்படுத்தும் கணினி |
| மாற்றுப் பொதியைக் கேட்பது | எளிது | நிலைக்கும் | சேவையகம், ஆய்வகம் |
| ரெக்கமெண்ட்ஸை ஒருமுறை தவிர்ப்பது | எளிது | பெரும்பாலும் நிலைக்கும் | பெரிய பொதிகள் |
| ரெக்கமெண்ட்ஸை நிரந்தரமாக அணைப்பது | எளிது, ஆனால் மறந்துபோகும் | நிலைக்கும் | கன்டெய்னர், சேவையகம் |
| பெயர் சொல்லித் தடுப்பது | எளிது | நிலைக்கும் | திரும்பத் திரும்ப வருபவை |
| போலிப் பொதி | நடுத்தரம் | நீங்களே கவனிக்க வேண்டும் | கையால் நிறுவிய மென்பொருள் |
| வலுக்கட்டாயம் | கடினம் | உடையும் | ஏறக்குறைய எங்கும் இல்லை |

அப்படியே விட்டுவிடுவது

சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நான் சொல்வது இதைத்தான். கப்ஸ் என்ற அச்சுச் சேவையை நிறுவும்போது அவாஹி என்பது ரெக்கமெண்ட்ஸாக வரும். பெயரைப் பார்த்தால் எதற்கென்றே தெரியாது, வெட்டத் தோன்றும். வலையமைப்பில் இருக்கும் பிரிண்டரைத் தானாகக் கண்டுபிடிப்பது அதன் வேலை. வெட்டிவிட்டால் பிரிண்டர் பட்டியல் காலியாக நிற்கும். கடையில் வரிசை நிற்கும்.

இதன் மறைமுகச் செலவு புதுப்பித்தலில் தெரியும். பொதி கூடக் கூட ஒவ்வொரு மாதமும் இறங்கும் பாதுகாப்புத் திருத்தங்களும் கூடும். பிராட்பேண்ட் இருக்கும் இடத்தில் இதை யாரும் உணரப் போவதில்லை.

வந்த சேவைதான் தொல்லை என்றால், பொதியை நீக்காமல் "சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள்" கட்டளையால் அடுத்த முறை கணினி கிளம்பும்போது சேவை மட்டும் தானாகக் கிளம்பாமல் செய்துவிடலாம். சார்புகள் குலையாது, தேவைப்பட்டால் திரும்ப இயக்கலாம். இந்த வழியை ஏனோ பலர் கண்டுகொள்வதே இல்லை.

மாற்றுப் பொதியை நீங்களே தேர்ந்தெடுப்பது

அரூர்க் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. டெபியன் 12-இல் பிஎச்பி 8.2 பொதியின் டிபெண்ட்ஸ் வரியைத் திறந்து பாருங்கள். அப்பாச்சிக்கான பிஎச்பி மாட்யூல், பிஎச்பி-எஃப்பிஎம், பிஎச்பி-சிஜிஐ என்று மூன்று பெயர்கள். நடுவே செங்குத்துக் கோடுகள். மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்பது அதன் பொருள். எதுவும் இல்லாத கணினியில் ஆப்ட் முதலில் இருப்பதை எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அப்பாச்சி.

என்ஜின்எக்ஸ் என்ற வேறொரு வலைச் சேவையகத்தை வைத்துப் பாடம் நடத்துபவர் முதலில் பிஎச்பி-எஃப்பிஎம்மை நிறுவிவிட்டு, பிறகு பிஎச்பியைக் கேட்டால் அப்பாச்சி வராது. நிபந்தனை ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. இந்த வரிசையைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு வலைச் சேவையகங்களும் 80-ஆம் போர்ட்டுக்குப் போட்டியிடும். பிந்தி எழுந்திருப்பது "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று பிழை காட்டிப் படுத்துவிடும். மாணவர்கள் முன்னால் இது நடந்தால் அந்த வகுப்பு அவ்வளவுதான்.

பெரிய பொதியின் பெயரைச் சொல்லாமல் சிறியதைக் கேட்பதும் இதே வகைதான். "லிப்ரேஆபீஸ்" என்று கேட்டால் அது வெறும் மெட்டா பொதி. கால்க், இம்ப்ரெஸ், டிரா, பேஸ் எல்லாவற்றையும் அழைத்து வரும். "லிப்ரேஆபீஸ்-ரைட்டர்" என்று கேட்டால் எழுதும் செயலியும் அதற்கு வேண்டியவையும் மட்டும் வரும். தேன்கனிக்கோட்டைக்காரர் முதலில் செய்ய வேண்டியது இதை.

இன்னொரு சிறு வசதியும் உண்டு. நிறுவும் கட்டளையில் ஒரு பொதியின் பெயருக்குப் பின்னால் இடைவெளி இல்லாமல் கழித்தல் குறி போட்டால், "இது வேண்டாம்" என்று ஆப்ட் புரிந்துகொள்ளும். ரெக்கமெண்ட்ஸ் பட்டியலில் ஒன்றே ஒன்றை மட்டும் விலக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. கட்டாயச் சார்பு என்றால் இது பலிக்காது; ஆப்ட் மறுத்துவிடும், அல்லது வேறு ஏதாவது தீர்வைத் தேடும். அந்தத் தேடலின் முடிவைத் திரையில் வாசிக்காமல் "ஒய்" தட்டக் கூடாது.

இந்த வழியில் எனக்குத் தெரிந்து மறைமுகச் செலவு எதுவும் இல்லை. டிபெண்ட்ஸ் வரியை வாசிக்கும் பொறுமை இருந்தால் போதும்.

ரெக்கமெண்ட்ஸை ஒருமுறை மட்டும் தவிர்ப்பது

நிறுவும் கட்டளையோடு "நோ-இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்" என்ற சுவிட்சைச் சேர்ப்பது. முன்னால் இரண்டு சிறுகோடுகள். அதற்கும் முன், சிறுகோட்டுடன் "எஸ்" என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்து ஒத்திகை பாருங்கள். எதையும் நிறுவாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். சுவிட்ச் உள்ள பட்டியல், இல்லாத பட்டியல் இரண்டையும் அருகருகே வைத்தால், எதை இழக்கப் போகிறோம் என்பது தெரிந்துவிடும்.

இழப்பு சில நேரம் எதிர்பாராத இடத்தில் இருக்கும். வெற்று டெபியனில் இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் கர்லை இப்படி நிறுவிவிட்டு ஒரு எச்டிடிபிஎஸ் முகவரியை இறக்கச் சொன்னால் சான்றிதழ்ப் பிழை வரும். நம்பகச் சான்றிதழ்களைக் கொண்ட "சிஏ-சர்ட்டிஃபிகேட்ஸ்" பொதி ரெக்கமெண்ட்ஸ் பட்டியலில் இருந்ததுதான் காரணம். நிரல் களஞ்சியங்களைக் கையாளும் கிட் பொதியும் எஸ்எஸ்எச் வாடிக்கையாளரை இப்படித்தான் பரிந்துரைக்கிறது. அது இல்லாமல் எஸ்எஸ்எச் வழியே களஞ்சியத்தை நகலெடுக்க முடியாது.

டாங்கிள்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நெட்வொர்க்-மேனேஜர் என்ற பொதி மோடம்மேனேஜரை ரெக்கமெண்ட்ஸாகவே கேட்கிறது. மோடம்மேனேஜர் தன் பங்குக்கு யூஎஸ்பி-மோடுஸ்விட்சைப் பரிந்துரைக்கிறது. செருகியதும் தன்னை ஒரு சிடி டிரைவ் என்று காட்டிக்கொள்ளும் பழைய டாங்கிள்களை மோடமாக மாற்றுவது அந்தச் சின்னப் பொதிதான். டேட்டாவை மிச்சம் பிடிக்கிறேன் என்று கணினியைப் புதிதாக அமைக்கும்போதே இந்த இரண்டையும் வெட்டிவிட்டால் டேட்டாவே கிடைக்காது. அவற்றை இறக்க வேறு இணைப்பைத் தேட வேண்டும். தளி, அஞ்செட்டி மலைப்பக்கத்தில் இது சிறிய தொல்லை அல்ல.

எனவே பெரிய பயன்பாட்டுப் பொதிகளுக்கு இந்த வழியைத் தாராளமாகக் கையாளலாம். வலையமைப்பு, அச்சு, ஒலி ஆகிய மூன்றையும் தொடும் பொதிகளில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

நிரந்தரமாக அணைப்பது

ஆப்டின் அமைப்புக் கோப்பில் "இன்ஸ்டால்-ரெக்கமெண்ட்ஸ்" என்பதற்கு "ஃபால்ஸ்" என்று ஒரு வரி எழுதினால் இனி எந்தப் பரிந்துரையும் வராது. கன்டெய்னர் (ஒரு செயலியும் அதற்கு வேண்டியவையும் மட்டும் அடங்கிய தனிப்பெட்டி) கட்டுபவர்களுக்கு இது சரி. ஓசூரில் மென்பொருள் வேலை செய்யும் நண்பர்கள் பலர் இப்படித்தான் பழகியிருக்கிறார்கள். அதன் பிம்பம் (இமேஜ்) சிறியதாக இருக்க வேண்டும், அதற்குள் என்ன இருக்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும், உடைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

வீட்டுக் கணினிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு செயலியில் ஒலி வராது, சிறுபடம் தெரியாது. அந்த ஒரு வரியை எழுதியது யாருக்கும் நினைவிருக்காது. இன்னொரு ஏமாற்றமும் உண்டு. இதை அணைத்தால் பழைய பரிந்துரைகளை, தேவை முடிந்த பொதிகளை நீக்கும் "ஆட்டோரிமூவ்" கட்டளை துடைத்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். துடைக்காது. நிறுவப்பட்ட ஒரு பொதி பரிந்துரைக்கும், ஏன், வெறுமனே யோசனை சொல்லும் பொதியைக்கூட ஆட்டோரிமூவ் இயல்பாகத் தொடுவதில்லை. அதற்கு வேறு இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும்.

பெயர் சொல்லித் தடுப்பது

ஒரே பொதி வேறு வேறு வழியில் திரும்பத் திரும்ப வந்தால் அதற்கு எதிர்மறை முன்னுரிமை கொடுத்துவிடலாம். ஆப்டின் "ப்ரெஃபரன்சஸ்.டி" கோப்புறையில் மூன்று வரிக் கோப்பு: பொதியின் பெயர், எந்த வெளியீடு, முன்னுரிமை -1. சுழியத்துக்குக் கீழே எந்த எண்ணும் தடைதான். லினக்ஸ் மின்ட் 2020-இல் வந்த 20-ஆம் பதிப்பிலிருந்து ஸ்னாப் என்ற தனி நிறுவல் முறையின் சேவையான ஸ்னாப்டியை இதே முறையில்தான் -10 கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறது.

தடை கேட்பாரில்லாமல் நிற்கும் என்பதே இதன் நன்மை, இதன் தீமையும் அதுவே. உபுண்டுவில் குரோமியம் உலாவியின் பொதி ஸ்னாப்புக்குப் போகும் வழிகாட்டிப் பலகை மாத்திரம். ஸ்னாப்டியைத் தடுத்தால் குரோமியமும் அந்த வழியில் வராது. பிழைச் செய்தியைப் பார்த்துத் தடைதான் காரணம் என்று கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. அந்தக் கோப்பில் "எக்ஸ்ப்ளனேஷன்" என்று தொடங்கும் வரி எழுத இடம் இருக்கிறது. எப்போது, எதற்காகத் தடுத்தோம் என்று அதில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் அந்த ஆய்வகத்துக்கு வரும் ஆசிரியர் வாழ்த்துவார்.

போலிப் பொதி செய்வது

கட்டாயச் சார்பை உண்மையாகவே தவிர்க்க வேண்டிய சூழலும் வரும். அச்சுக்கோக்கும் மென்பொருள் தொகுப்பான டெக் லைவ் நல்ல எடுத்துக்காட்டு. ஆய்வேடு அச்சுக்கோக்கும் பேராசிரியர் அதன் புதிய பதிப்பை நேரடியாக இறக்கித் தனியே நிறுவியிருப்பார். பிறகு ஒரு டெக் தொகுப்பியைக் கேட்டால், கணினியில் ஏற்கெனவே இருப்பது ஆப்டுக்குத் தெரியாது. டெபியனின் டெக் லைவை இன்னொரு முறை இறக்கப் பார்க்கும்.

"எக்விவ்ஸ்" என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. ஒரு வார்ப்புருக் கோப்பை உருவாக்கி, பொதியின் பெயரையும் அது எதை வழங்குகிறது என்பதையும் நிரப்பி, கட்டளை கொடுத்தால் உள்ளே ஒன்றுமில்லாத டெப் கோப்பு தயார். அதை நிறுவினால் ஆப்ட் சமாதானமாகிவிடும்.

ஆப்டிடம் பொய் சொல்கிறோம். அந்தப் பொய்க்கு இனி நாம்தான் பொறுப்பு. மென்பொருள் உண்மையில் வேறு வழியில் இருந்தால் சரி. இல்லாமல், "எனக்குத் தேவைப்படாது" என்று ஊகித்து ஒரு நூலகத்துக்குப் போலி செய்தால் செயலி திறக்கும்போதே விழும். புதிய பதிப்பு கூடுதல் எண் கேட்டால் போலியையும் புதுப்பிக்க வேண்டும்.

வெளியே போய் நிறுவுவது

செயலியை வேறு வழியில் தரும் ஃப்ளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் மூன்றும் ஆப்டின் சார்புக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. அடித்தளக் கணினி கலங்காது என்பது உண்மை. சார்புகள் மறையவில்லை, இடம்தான் மாறியிருக்கின்றன. முதல் ஃப்ளாட்பேக் செயலியோடு நூற்றுக்கணக்கான எம்பி அளவில் ஒரு ரன்டைம் (செயலி ஓடத் தேவையான பொது நூலகங்கள்) இறங்கும். வேறு பதிப்பைக் கேட்கும் செயலி வந்தால் இன்னொன்று. ஸ்னாப் இயல்பாக ஒரு நாளில் நான்கு முறை புதுப்பிப்பு உண்டா என்று பார்த்துத் தானே இறக்கிக்கொள்ளும். அளந்து வாங்கிய டேட்டாவுக்கு இது ஆகாது. பழைய கணினியில் புதிய பதிப்புதான் வேண்டும், இணையம் தாராளம் என்றால் ஃப்ளாட்பேக்கைப் பரிசீலிக்கலாம்.

வலுக்கட்டாயமாக நிறுவுவது

ஆப்டுக்கு அடியில் பொதிகளை நிறுவும் டிபிகேஜியிடம் "ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ்" என்று சொன்னால் எந்தச் சார்பையும் பார்க்காமல் நிறுவிவிடும். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். மறுநாள் வேறு எதையோ நிறுவப் போனால் ஆப்ட் மறியல் செய்யும்: நிறைவேறாத சார்புகள் இருக்கின்றன, முதலில் "ஃபிக்ஸ்-புரோக்கன்" ஓட்டு என்று நிற்கும். அதை ஓட்டினால் ஒன்று, நீங்கள் வேண்டாம் என்றது வந்துவிடும். அல்லது நீங்கள் கஷ்டப்பட்டு நிறுவியது போய்விடும். ஓட்டாமல் விட்டால் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும்.

சார்புச் சிக்கலை வாசிக்காமல் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 நவம்பரில் உலகம் பார்த்த காட்சி ஒன்று உண்டு. யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். பொதிகளிடையே இருந்த முரணால் டெஸ்க்டாப்பையே நீக்க வேண்டியிருக்கும் என்று ஆப்ட் எச்சரித்தது. உறுதி செய்ய ஒரு முழு வாக்கியத்தைத் தட்டச்சு செய்யவும் சொன்னது. தட்டச்சு செய்தார், டெஸ்க்டாப் போனது. பிறகு ஆப்டே அந்தக் கதவை இறுக்கிவிட்டது. திரையில் "நீக்கப்படும்" என்ற தலைப்பின் கீழ் எந்தப் பெயர் இருந்தாலும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆட்டோரிமூவுக்கும் இது பொருந்தும். வேண்டிய பொதி அந்தப் பட்டியலில் தெரிந்தால் "ஆப்ட்-மார்க் மேனுவல்" கொடுத்துக் காப்பாற்றலாம்.

டெபியன் அல்லாத இடங்களில்

ஃபெடோராவில் ஆப்டின் இடத்தில் இருக்கும் டிஎன்எஃப் அமைப்பில் "இன்ஸ்டால்_வீக்_டெப்ஸ்" என்பதை அணைத்தால் அதே பலன். ஒன்றை மட்டும் விலக்க "எக்ஸ்க்ளூட்" இருக்கிறது. ஓப்பன்சூசேயின் சிப்பருக்கு "நோ-ரெக்கமெண்ட்ஸ்". ஆர்ச்சில் விருப்பச் சார்புகள் இயல்பாகவே வராது. பெயர்களை மட்டும் காட்டிவிட்டு விட்டுவிடும்.

பைத்தான் மொழியின் பொதிகளை நிறுவும் பிப் இவர்களிலிருந்து வேறுபட்டது. ஒரு பொதியை நீக்கினால் அது அழைத்து வந்தவற்றை நீக்காது; அவை அப்படியே கிடக்கும். டெபியன் 12 முதல் கணினியின் பைத்தானுக்குள் பிப் நேராக நிறுவவும் மறுக்கிறது. ஒவ்வொரு பணிக்கும் தனி மெய்நிகர் சூழல் வைத்துக்கொண்டு, வேண்டாதபோது கோப்புறையோடு அழித்துவிடுவதுதான் அங்கே சுலபம். "நோ-டெப்ஸ்" போட்டு நிறுவியே ஆக வேண்டும் என்றால் அடுத்து "பிப் செக்" ஓட்டிப் பாருங்கள்; எது குறைகிறது என்று பெயரோடு சொல்லிவிடும்.